இரத்தச் சோதனைக்கும் நேரம் உண்டு

கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின் பின் ஆறு கிழமைகள் வரையிலும் பெண்ணின் இரத்தம் இலகுவில் உறையும். பிரசவத்தில் அதிக இரத்தம் போகாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. ஆனால் சிலருக்குக் காலின் ஆழமான நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகிவிடும்.

அளவுக்கு மீறி உறையாமல் தடுக்க எமது உடலிலேயே புரதம் சி, புரதம் எஸ், அன்டித்ரொம்பின் என்பன உள்ளன. சில குடும்பங்களில் இவை பிறப்பிலேயே குறைவு. அதை அறியத்தான் இந்த இரத்தச் சோதனை.

நான் சந்தித்த ஒரு சகோதரிக்குப் பிரசவத்தின் பின் கால் வீங்கியது. வோபரின் குளிசை குடித்துவந்த வேளையில் செய்த சோதனையில் இரண்டு புரதங்களும் குறைவாக இருந்தன. "பரம்பரை வருத்தம்" என்ற கதை பரவி, தங்கையின் கலியாணப் பேச்சும் நின்றது.

உண்மையில் வோபரினே அவ்விரண்டையும் குறைக்கும். கர்ப்பத்தில் புரதம் எஸ் தானாகவே குறையும். ஹெப்பாரின் ஊசி அன்டித்ரொம்பினைக் குறைக்கும். வைத்தியர் குளிசையை நிறுத்தி, சில கிழமைகளின் பின் திரும்பச் செய்வித்த சோதனையில் அளவுகள் சரியாகவே இருந்தன.

சகோதரிகளே, ஒரு சோதனைத் தாளை வைத்து முடிவு கட்டாதீர்கள். குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்பத்தில் எவருக்காவது இரத்தக்கட்டி வந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். போரில் பெற்றோரை இழந்தவர்கள் பெரியம்மா, சித்தப்பாவிடம் கேட்டறியலாம். குறைவு உண்மையாயிருந்தாலும் வெட்கப்பட ஏதுமில்லை. அடுத்த கர்ப்பத்தில் ஊசி மருந்து தந்து பாதுகாப்பார்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிகிச்சை இந்தச் சோதனைக்காகக் காத்திருப்பதில்லை.