மக்கு என்று யாரைச் சொன்னீர்கள்?

தெல்தோட்டையிலும் கலஹாவிலும் புசல்லாவையிலும் மடுல்கலையிலும், ஏன், கண்டி நகரின் நடுவிலுங்கூட, தமிழ்ப் பாடசாலைகளின் கடைசி வாங்கில் ஒரு பிள்ளை அமர்ந்திருக்கிறது. அது கணக்கை மனத்தாலே போடும். கேட்ட கதையை வழுவாமல் திருப்பிச் சொல்லும். பழுதான வானொலியைக் கழற்றிப் பூட்டும். புத்தகத்தை விரித்ததும் அதன் நா நின்றுவிடும். நம் சமூகம் அப்பிள்ளைக்கு மனமுவந்து சூட்டிய பட்டம் ‘மக்கு’!

இதற்கு உலகம் வேறு பெயர் வைத்து நெடுங்காலம் ஆயிற்று. 1887இல் ருடோல்ப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லை வழங்கினார். 1896இல் ஆங்கில மருத்துவர் பிரிங்கிள் மோர்கன், வாசிக்க இயலாத பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே சூட்டிகையான மாணவன் அவன்தான் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னதாக அவர் குறித்திருக்கிறார். நூறாண்டுக்கு மேல் கழிந்தும் அந்த அறிவு நம் வகுப்பறை வாசலை மிதிக்கவில்லையே, இது யார் குற்றம்?

இக்குறை கண்ணிலுமில்லை, புத்தியிலுமில்லை. பேச்சிலுள்ள ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு பொருத்தும் திறனில்தான் இடர் இருக்கிறது. குடும்பவழி தொடர்வதும் உண்டு. தமிழில் ‘கொ’ என்று எழுதினால், கண் முதலில் காண்பது கொம்பை, பிறகு ககரத்தை, அதன்பின் காலை. ஒலியோ அந்த வரிசையில் வருவதில்லை. ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்ற மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. வீட்டிலே ‘வந்துகிட்டிருக்கான்’ என்று கேட்ட பிள்ளை, ஏட்டிலே ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்பதைச் சந்திக்கிறது. எனினும், நம் எழுத்து பெரும்பாலும் ஒலிவழி நிற்பதால், இப்பிள்ளை தவறாகப் படிப்பதைவிட மெதுவாகப் படிப்பதே அதிகம். அந்த மெதுவைத்தான் சோம்பல் என்று தண்டிக்கிறோம்!

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016இல் பதினாறாக உயர்ந்தது. பிரம்படி கூடாதென்று 2005இல் சுற்றறிக்கை வந்தது. பிள்ளையைப் பதினாறு வயதுவரை வகுப்பில் உட்கார்த்தி வைக்கச் சட்டம் உண்டு. உட்கார்ந்த பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் கடமை யாருடையது? 1996ஆம் ஆண்டின் வலதுகுறைந்தோர் உரிமைச் சட்டமோ, வாழ்வின் தேவைகளைத் தானே தேடிக்கொள்ள இயலாதவரையே மனத்திற்கொண்டு இலக்கணம் வகுத்தது. ஓடியாடும் இப்பிள்ளை அதில் எங்கே அடங்கும்? பாக்கு நீரிணைக்கு அப்பால், 2016ஆம் ஆண்டுச் சட்டம் கற்றல் குறைபாட்டைப் பெயர் சொல்லியே ஏற்றுக்கொண்டது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களைப் பயிற்றி வருகிறது.

“தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியரே போதவில்லை, இதற்கு வேறு தனிக் கவனிப்பா?” என்று கேட்கும் அறிவாளிகள் உண்டு. ஐயா, ஆசிரியர் போதாத இடத்தில்தான் இந்தத் தீங்கு மறைந்து கிடக்கிறது! கற்பிக்கப்படாத பிள்ளை எது, கற்பித்தும் எழுத்து ஒட்டாத பிள்ளை எது என்று அங்கே யாரும் பிரித்தறிய முடியாது. மருந்தோ இருவருக்கும் ஒன்றே. ஒலியை முதலில் காதுக்குப் பழக்குவது. ஓரெழுத்தை உறுதியாக்கிய பின்னரே மறு எழுத்துக்குப் போவது. சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவது. நாள்தோறும் சிறுபொழுது தவறாமல் பயில்வது. இது மேனாட்டுப் புதுமையா? விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கும் நமக்கு, மறுநாளே அந்த அறிவு மறந்துபோவதுதான் விந்தை!

மேட்டுப் பாத்திக்கும் பள்ளப் பாத்திக்கும் ஒரே மடையில் நீர் பாயாதென்பதை உழவன் அறிவான். மேட்டுக்கு நீரை ஏற்ற வழி செய்வானேயன்றி மேட்டைத் திட்டமாட்டான். கண்டியின் தமிழ் மருத்துவர்களே, வழக்கறிஞர்களே, பேராதனைப் பேராசிரியர்களே! உங்கள் வீட்டிலும் இப்பிள்ளை உண்டு. நாளை சம்பந்தம் பேச வருவோர் அறிந்துவிடுவரே என்று மறைத்து, ஆங்கிலமொழிப் பள்ளிக்கு மாற்றிவிடுகிறீர்கள். தமிழைவிட எழுத்துக்கும் ஒலிக்கும் பொருத்தம் குறைந்த மொழி அது என்பதையேனும் எண்ணினீர்களா?

நாம் கேட்பது பிச்சையன்று. மத்திய மாகாணத்தின் ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலையிலும் இதை அறிந்த ஓர் ஆசிரியரேனும் இருக்கவேண்டும். இரண்டாம் வகுப்பு முடியுமுன் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் தமிழிலேயே சோதிக்கவேண்டும். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் முதல் சாதாரண தரம் வரை, இப்பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும் வினாவை வாசித்துக் கேட்கும் வசதியும் உரிமையாகவே கிடைக்கவேண்டும். தயாரில்லாத பிள்ளையை எழுப்பி நிறுத்தி உரக்கப் படிக்கச் செய்யும் கொடுமை இன்றே ஒழியவேண்டும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

தேர்தல் காலத்தில் இம்மலையேறி வந்து வாக்குக் கேட்போரிடம், தெருவுக்கும் கூரைக்கும் அடுத்தபடியாக இதையும் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத தலைமுறை, தன்முன் நீட்டப்படும் எந்தத் தாளிலும் கையொப்பமிடும். அதை விரும்புகிறவர்கள் யாரென்று நாம் சொல்லவும் வேண்டுமோ?