மண்வெட்டி இல்லாத போர்க்களம்

பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பழைய போர்களை மேசைமேல் அமைத்துப் படம் எடுக்கும் பழக்கம் நம் பிள்ளைகள் சிலருக்கும் தொற்றியிருக்கிறது. தெர்மகோலில் கோட்டைச் சுவர், பஞ்சில் பீரங்கிப் புகை, தேங்காய் நாரில் புல். மொபைலைத் தரையோடு வைத்து எடுத்தால் இரண்டு அங்குலச் சிப்பாய் ஆள் உயரத்துக்கு நிற்கிறான். திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் கல்லூரியில் படிக்கும் தோழர்கள் சிலர் அப்படி எடுத்த படங்களை எனக்கு அனுப்பியிருந்தார்கள். கைவேலை அருமை. ஆனால் நம் ஆட்கள் அமைத்த களத்தில் நம் ஆட்களைக் காணோம். அதைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

புள்ளலூரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் புத்தகங்களில் பொள்ளிலூர் என்று வருவது. காஞ்சிபுரத்துக்கு அருகில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கம்பெனிப் படையைத் துடைத்தெடுத்த இடம். இது வேறு யாரோ ஊர்ச் சண்டை என்று வடசென்னைக்காரர்கள் நினைக்க வேண்டாம். குண்டூரிலிருந்து தெற்கே வந்த கர்னல் பெய்லியின் படையை முதலில் மடக்கிப் போட்டது கொசஸ்தலை ஆறு. எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறதே, அதே ஆறுதான். ஆகஸ்ட் கடைசியில் பெய்லி அதன் வடகரையில் முகாம் போட்டார். இரவோடு இரவாக வெள்ளம் வந்தது. பத்து நாள் போல அங்கேயே கிடந்தார்கள். அதற்குள் வழி அடைபட்டுப் போனது. காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ, சில மைல் தூரத்தில் இருந்தும் போய்ச் சேரவில்லை. (தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் இருக்கும் மன்றோ வேறு ஆள்.) சேதி தெரிந்ததும் கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பி ஓடினார்.

வெள்ளம் வடிந்த ஆற்றுச் சேற்றில் பீரங்கியை இறக்கி, அக்கரை ஏற்றியது யார்? மருந்துப் பெட்டி வண்டிகளின் மாடுகளை ஓட்டியது யார்? அடிபட்டவர்களை டோலியில் தூக்கியது யார்? குதிரைக்குப் புல் அறுத்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், பீரங்கி லஸ்கர்கள் எங்கே? அந்தக் காலத்துப் படைகளில் துப்பாக்கி பிடித்தவர்களைவிட இப்படிக் கூட நடந்தவர்களே அதிகம். எல்லோரும் நம்மவர்கள் என்று நான் சொல்லவில்லை. பல்லக்குத் தூக்கியதில் போயிகள் போன்ற வேறு சாதியினரும் உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தில் சேரி ஆட்கள் இல்லாமல் சென்னைப் படை ஒரு மைல்கூட நகர்ந்திருக்காது.

இத்தனைக்கும் திப்புவின் ஓவியர்கள் இதை மறக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் பாக் சுவரில் புள்ளலூர்ப் போர் இருக்கிறது. நடுவில் பெய்லி காயம்பட்டுப் பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பல்லக்கு அந்தரத்தில் மிதக்கவில்லை. அதே போரைக் காட்டும் தாள் ஓவியம் ஒன்று 2022-இல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. பெய்லிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நினைவு மண்டபமும் உண்டு. அவரைத் தூக்கி நடந்தவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மைகூடக் கிடையாது. கடையில் பெட்டி வாங்கிப் பாருங்கள். சிவப்புச் சட்டை, குதிரை, கொடி பிடிப்பவன், முரசு அடிப்பவன், வாளை உயர்த்திய அதிகாரி, பணம் அதிகம் கொடுத்தால் யானை. மண்வெட்டி பிடித்த ஆள் இருக்கிறானா?

மண்வெட்டி என்று சும்மா சொல்லவில்லை. புள்ளலூர் அடி விழுந்து இருபதே நாளில், 1780 செப்டம்பர் 30 அன்று, கம்பெனி சென்னையில் இரண்டு பயனியர் கம்பெனிகளைத் திரட்டியது. பாதை வெட்ட, அகழி தோண்ட, பாலம் கட்ட, பீரங்கி இழுக்க. இன்று பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்கள் தங்கள் பிறப்பை அந்த நாளிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் சென்னைப் பயனியர்களிலும் சாப்பர்களிலும் பறையர்களும், கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களும் பெருந்தொகையாக இருந்தார்கள். பிறகு என்ன ஆயிற்று? 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், அதற்குப் பின் 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், 'போர்க்குண இனங்கள்' என்ற கதையைக் கொள்கையாக்கினார். வடக்கே இருப்பவன் வீரன், தெற்கே இருப்பவன் சோப்ளாங்கி. சென்னைக் காலாட்படை சுருக்கப்பட்டது. 1933-இல் சென்னைப் பயனியர் படையையே கலைத்தார்கள். உயிரோடு உழைப்பையும் வாங்கிக்கொண்டு, "உனக்கு வீரம் பத்தாது" என்று அனுப்பிவைத்தார்கள்.

"விளையாட்டிலுமா சாதியைக் கொண்டுவருவது அக்கா?" என்று ஒரு தோழர் கேட்டார். நான் கொண்டுவரவில்லை, தோழர். ராபர்ட்ஸ் கொண்டுவந்தார். அவருடைய தேர்வுப் பட்டியல்தான் இன்றும் பொம்மைப் பெட்டிக்குள் இருக்கிறது. சுடுகிறவன் உருவம், சுமக்கிறவன் வெற்றிடம்.

நம் பக்கத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. இந்தப் பெட்டியைப் பார்த்துக் கோபப்படும் நம் இளைஞர்கள் உடனே செய்வது என்ன? நமக்கும் ஒரு வாள் வீரனைத் தேடுகிறார்கள். சுந்தரலிங்கம், ஒண்டிவீரன், குயிலி. தேட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாள் கிடைத்தால் மரியாதை கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் 1997-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். விருதுநகரில் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. கட்டபொம்மனோடு நின்ற தளபதியின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். தென் மாவட்டங்கள் கலவரத்தில் எரிந்தன, உயிர்கள் போயின. கடைசியில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. வாள் பிடித்தவனுக்கே கதி அது.

கோரேகானைக் காட்டி என்னை மடக்கலாம். 1818 ஜனவரி 1 போரில் இறந்த மகர் சிப்பாய்களின் பெயர் அந்தத் தூணில் இருக்கிறது. (அன்று அங்கே இருந்த இரண்டு பீரங்கிகளும் சென்னைப் பீரங்கிப் படையுடையவை.) 1927-இல் அம்பேத்கர் அங்கே போனபோது மகர்களுக்குப் படைவாசலை மூடி முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தத் தூண் அவர் கையில் ஒரு வழக்குச் சான்று. நாம் அதை வெறும் வாள் படமாக்கி ஸ்டேட்டஸ் வைத்தால், வீரம் என்றால் என்ன என்பதை அளக்கும் கோலை மறுபடி ராபர்ட்ஸ் கையிலேயே கொடுக்கிறோம்.

ஆகவே செய்யாதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. புள்ளலூரைச் செய்யுங்கள், ஆனால் செப்டம்பர் 10-ஐ விட்டுவிட்டுக் கொசஸ்தலைக் கரையில் மாட்டிக்கொண்ட அந்தப் பத்து நாளைச் செய்யுங்கள். வெள்ளைக்காரன் கூடாரம் ஓரத்தில் இருக்கட்டும். சிப்பாயின் துப்பாக்கியைச் சூடான பிளேடால் வெட்டி, தீக்குச்சியும் தகரத் துண்டும் வைத்து மண்வெட்டி ஆக்குங்கள். மாட்டு வண்டிகளுக்குக் கொலு பொம்மைக் கடையில் பஞ்சமே இல்லை. டோலிக்குத் துடைப்பக்குச்சியும் பழைய வேட்டித் துணியும் போதும். மண்ணுக்கு எண்ணூர்ப் பிள்ளைகள் அலைய வேண்டியதில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பல் அந்த ஆற்றிலேயே படிந்து கிடக்கிறது. கையுறை போட்டு அள்ளுங்கள். பிறகு மொபைலைப் பீரங்கிக்கு முன்னால் வைக்காமல் பின்னால், கயிறு இழுப்பவனின் முதுகுக்குக் கீழே வைத்து எடுத்து அனுப்புங்கள்.