கிலோவும் கொழுந்தும்

குந்தாப் பக்கம் டீத் தோட்டத்தில் கொழுந்து எடை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? எத்தனை கிலோ என்பதுதான் கணக்கு, கூலி எல்லாம். ஆனால் நல்ல டீக்கு வேண்டியது ரெண்டு இலை, ஒரு மொட்டு. தராசுக்கு அது தெரியாது. முற்றின இலை, காம்பு, மழை ஈரம் எல்லாமே அதற்கு எடைதான். கிலோவை மட்டும் கேட்டால் கிலோதான் வரும். பறிக்கிற அம்மாவைத் திட்டி என்ன சார் பயன்?

அதனால்தான் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி, நல்ல கொழுந்து நூற்றுக்கு எவ்வளவு என்று பிரித்தும் பார்க்கிறார்கள். 1975-ல் இங்கிலாந்துப் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் சொன்ன சங்கதியும் ஏறக்குறைய இதுதான்: ஒரே அளவை வைத்து ஆளை விரட்டினால், அந்த அளவே பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

நம் ஆபீசில் எத்தனை மணிக்கு வந்தோம் என்று ரிஜிஸ்தர் சொல்லும். வந்து என்ன கிழித்தோம்? ஒரு பிடி அள்ளிப் பார்க்கலாம்தான்...

வேண்டாம், மானேஜர் காதில் விழப்போகிறது!