ஏர் பிடிக்கச் சொன்ன கடவுள் எது?

உழவைக் கடவுளே மனிதனுக்குக் கற்பித்தார் என்றும், ஒருவன் உழைக்கவும் மற்றொருவன் உட்கார்ந்து சாப்பிடவும் அவரே ஏற்பாடு செய்தார் என்றும் பல தேசங்களிலும் சொல்லி வந்திருக்கிறார்கள். தானியத்தை டிமீட்டர் என்னும் தேவி கொடுத்தாள் என்றான் கிரேக்கன். ஒசைரிஸ் கொடுத்தான் என்றான் எகிப்தியன். ஷென்னொங் கற்பித்தான் என்றான் சீனன். இவற்றில் ஒன்றாவது உண்மையாக இருக்க முடியுமா என்று வாசகர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

மக்கள் பசியாற வேண்டுமென்று எல்லாம் அறிந்த கடவுள் ஒருவர் தானியம் கொடுத்திருந்தால், எல்லோருக்கும் ஒன்றுபோலல்லவா கொடுத்திருக்க வேண்டும்? மேற்கு ஆசியாவில் கோதுமையும் பார்லியும், சீனாவில் யாங்சி நதிக்கரையில் நெல்லும், மெக்சிகோவில் மக்காச்சோளமும் தனித்தனியே பயிராயின. 1492-ல் கொலம்பஸ் கப்பல் போய்ச் சேரும் வரை அமெரிக்கக் கண்டத்தார் கோதுமையைக் கண்டதில்லை. ஐரோப்பியர் மக்காச்சோளத்தைக் கண்டதில்லை. இன்று நம் வீட்டுக் குழம்பில் விழும் மிளகாயும் அதற்குப் பின் கப்பலேறி வந்ததேயாகும். கப்பற்காரன் கொண்டுவந்து கொடுக்கும் வரை நம் நாட்டுக் கடவுள்களுக்கு மிளகாய் தெரியாதா என்று கேட்கின்றோம்.

உண்மை என்னவென்றால், மனிதன் தோன்றிச் சுமார் 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதில் நூற்றுக்குத் 96 பங்கு காலம் அவன் வேட்டையாடியும், கிழங்கும் கனியும் விதையும் சேகரித்துமே ஜீவித்தான். மேற்கு ஆசியாவில் பயிர்த்தொழில் உண்டாகிச் சுமார் 11 ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. அதையும் எவரும் ஒரே நாளில் உபதேசம் செய்யவில்லை. காட்டுக் கோதுமை முற்றியவுடன் கதிர் தானே முறிந்து மணி சிதறிவிடும். அபூர்வமாகச் சில செடிகளில் கதிர் முறியாமல் நிற்கும். அறுத்தவர்கள் கையில் இவையே அதிகம் சிக்கின. மறுபடி விதைத்ததும் இவற்றையே. இப்படிப் பல தலைமுறைகள் விதைத்து அறுத்ததின் பலனாகவே உதிராத கோதுமை உண்டாயிற்று. வயலில் அரிவாள் பிடித்த எவருக்கும் இது விளங்கும். இதைச் செய்தது மனிதன் கை.

அந்தக் கைகள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. சிரியாவில் யூப்ரட்டீஸ் நதிக்கரையில் அபு ஹுரைரா என்ற பழைய ஊரை 1972, 1973-ம் ஆண்டுகளில் தோண்டிப் பார்த்தார்கள். முதலில் வேட்டைக்காரர்களும் பிறகு உழவர்களும் வாழ்ந்த இடம் அது. அங்கே கிடைத்த உழவர் காலத்துப் பெண்களின் எலும்புகளில் முதுகும் முழங்காலும் கால் கட்டைவிரலும் தேய்ந்து கோணியிருந்தன. தினந்தோறும் மண்டியிட்டுக் கல்லில் தானியம் அரைத்ததின் அடையாளம் அது. உலகத்துக்குச் சோறு வந்த வழி அந்தப் பெண்களின் முதுகெலும்பு. கும்பிடுவதோ டிமீட்டரை!

விளைச்சல் மிஞ்சியது. மிஞ்சியதைக் களஞ்சியத்தில் பூட்டினார்கள். பூட்டின சாவி யாரிடம் போயிற்று என்பதே சங்கதி. தென் ஈராக்கிலுள்ள உரூக் நகரில் 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட களிமண் ஏடுகள் கிடைத்திருக்கின்றன. மனிதன் எழுதிய ஆதி எழுத்துக்களில் அவை சேர்ந்தவை. அவற்றில் பெரும்பாலானவை பக்திப் பாட்டல்ல, கணக்கு: எவ்வளவு பார்லி வந்தது, வேலையாட்களுக்கு எவ்வளவு அளந்தது என்பதே.

கணக்கு முந்தியது, அதற்குத் தக்க புராணம் பிந்தியது. சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியாவில் எழுதப்பட்ட அத்ரஹாசிஸ் கதையைக் கேளுங்கள். சின்னக் கடவுள்கள் பெரிய கடவுள்களுக்காக வாய்க்கால் வெட்டிச் சலித்து, கருவிகளை நெருப்பில் போட்டுவிட்டு வேலை நிறுத்தம் செய்தார்களாம். அந்த வேலையைச் சுமப்பதற்காகவே, ஒரு கடவுளைக் கொன்று அவன் இரத்தத்தைக் களிமண்ணில் குழைத்து மனிதனைச் செய்தார்களாம். வாய்க்கால் வெட்டியவன் இக்கதையை எழுதியிருப்பானா, அல்லது அவன் வெட்டியதில் விளைந்ததைத் தின்றவன் எழுதியிருப்பானா? கடவுள்கள் வேலை நிறுத்தம் செய்தால் நியாயம். கூலிக்காரன் செய்தால் மட்டும் பாவமா?

“மிச்சம் சேர்ந்தால் எஜமானும் அடிமையும் தோன்றுவது இயற்கைதானே” என்று சில படித்தவர்கள் சமாதானம் சொல்லுவார்கள். துருக்கியில் 9,000 ஆண்டுகளுக்கு முன் இருந்த சாத்தல்ஹூயுக் என்ற ஊர் இதற்குப் பதில் சொல்லும். அங்கே விவசாயம் உண்டு, சேமிப்பு உண்டு. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த அவ்வூரில் வீடுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன; அரண்மனை ஒன்றுகூட அகப்படவில்லை. இதற்கு நேர்மாறாக, வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரையில் தானியம் விதைக்காமல், ஆற்றில் வரும் சால்மன் மீனைப் பிடித்து உலர்த்திச் சேமித்த மக்களிடையே பிரபுக்களும் இருந்தார்கள், அடிமைகளும் இருந்தார்கள். ஆகவே, உயர்வு தாழ்வு ஏரினால் வந்ததுமல்ல, இயற்கையால் வந்ததுமல்ல என்பது விளங்கவில்லையா?

இதனால் மறுபடி காட்டுக்குப் போகவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. காட்டு வாழ்விலும் பசியுண்டு, குழந்தைச் சாவுண்டு. ஏரை நாம் கைவிட வேண்டியதில்லை. கைவிட வேண்டியது “தலைவிதி” என்ற சொல்லையே. விதையைத் தேர்ந்தவன் மனிதன். களஞ்சியம் கட்டியவன் மனிதன். அதைப் பூட்டியவனும் மனிதனே. மனிதன் போட்ட பூட்டை மனிதன் திறக்க முடியாதா?