டர்போ இருந்தால் மலைக்கு பயமில்லையா?

"டர்போ வண்டிக்கு உயரம் ஒரு பிரச்சினையே இல்லடா, காத்தை அதுவே அமுக்கிக்கும்!" போன வாரம் மெஸ்ஸில் நண்பன் ஒருவன் அடித்துச் சொன்னான். பாதி உண்மை. எஞ்சினை உடைப்பது மீதிப் பாதி.

அமெரிக்காவின் கொலராடோவில் நடக்கும் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 20 கி.மீ., 156 வளைவுகள். தொடக்கமே 2,862 மீட்டர் உயரத்தில், முடிவது 4,302 மீட்டரில். உச்சியில் காற்றழுத்தம் சுமார் 0.6 பார்தான்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு (ஓடிடாதீங்க!). எஞ்சினுக்குள் போகும் காற்று மொத்தம் 2 பார் இருக்கணும் என்றால், கடல் மட்டத்தில் டர்போ 2 மடங்கு அமுக்கினால் போதும். உச்சியில் அதே 2 பாருக்கு 3.3 மடங்கு! அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்றணும். வேகம் எல்லை மீறினால் அதன் சக்கரமே சிதறிவிடும். மீறாவிட்டாலும், அதிகம் அமுக்க அமுக்க காற்று சூடேறும். மலையில்தான் குளிருமே என்பீர்கள். குளிரும், ஆனால் மெலிந்த காற்று இன்டர்கூலரிலிருந்து அள்ளிப்போகும் வெப்பம் குறைவு. சூடான காற்று உள்ளே போனால் நாக்கிங். அதைத் தவிர்க்க இக்னிஷனைத் தாமதப்படுத்தணும். அங்கேயும் பவர் போச்சு.

பூஸ்ட் மீட்டரும் ஏமாற்றும். பல மீட்டர்கள் வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்றுதான் காட்டும். 1 பார் என்று காட்டினால் கடல் மட்டத்தில் மொத்தம் 2 பார், உச்சியில் வெறும் 1.6.

அதனால் என் கட்சி இதுதான்: கடைசி வரை ஒரே பூஸ்ட் என்று அடம்பிடிப்பது ட்யூனிங் இல்லை, வீம்பு. பெரிய கம்ப்ரசர் போட்டு, டர்போ சுற்றும் வேகத்தை சென்சார் வைத்து அளந்து, உச்சி நெருங்க நெருங்க பூஸ்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும். பெரிய டர்போ என்றால் லேக் வரும், 156 வளைவில் அது பெரிய தொல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதி மலையில் புகை கக்கி நிற்பதைவிடத் தேவலை.

மெலிந்த காற்று எவ்வளவு பெரிய எதிரி என்று சந்தேகமா? 2013-ல் செபாஸ்டியன் லோப் 875 குதிரைத்திறன் கொண்ட இரட்டை டர்போ பெஜோ 208 டி16-ல் 8 நிமிடம் 13.878 விநாடியில் ஏறினார். 2018-ல் ரொமெய்ன் டுமாஸ் ஓட்டிய ஃபோக்ஸ்வாகன் ஐ.டி. ஆர் மின்சாரக் கார், 680 குதிரைத்திறனை வைத்துக்கொண்டே 7 நிமிடம் 57.148 விநாடி! மின்மோட்டாருக்கு மூச்சே வாங்காதே.

நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 2-ஐ 0.6-ஆல் வகுத்துப் பாருடா என்று கால்குலேட்டரைக் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.