க்ருப் குடும்பத்துக்கு ஒரு வில்லங்கச் சான்று!



அரை ஏக்கர் வாங்கப் போனாலும் நாம் என்ன செய்கிறோம்? மூலப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். ஆனால் பெரிய முதலாளி என்றால் மட்டும், "உழைச்சு வந்தவர்யா, திறமைக்காரர்யா" என்று சொன்னதும் நம்பிவிடுகிறோம். ஏன், நாம உழைக்காமலா கடன்ல கிடக்கோம்? அதனால் ஜெர்மனியின் பெயர்பெற்ற எஃகு, பீரங்கிக் குடும்பமான க்ருப் குடும்பத்துக்கு ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பார்ப்போம்.

மூலவர் ஆர்ண்ட் க்ருப். 1587ல் எஸ்ஸன் நகர வணிகர் சங்கத்தில் சேர்ந்த வியாபாரி. 1599ல் ஊரில் கொள்ளைநோய் வந்தது. உயிருக்குப் பயந்து ஜனங்கள் வந்த விலைக்கு நிலத்தை விற்றுவிட்டு ஓடினார்கள். ஆர்ண்ட் வாங்கிப் போட்டான். முதல் பத்திரமே இதுதான்! மகன் அன்டன் முப்பதாண்டுப் போர்க் காலத்தில் துப்பாக்கிக் குழல் விற்றான். ஊரெல்லாம் எழவு விழ, இவன் வீட்டில் மட்டும் அறுவடை.

1811ல் எஃகு ஆலை தொடங்கிய ஃப்ரீட்ரிக் க்ருப் நொடித்துப் போய் 1826ல் செத்தான். அவன் மகன் ஆல்ஃபிரட் 14 வயதில் பொறுப்பேற்றான். ரயில் சக்கரத்துக்கு ஒட்டுப் போடாத எஃகு வளையம் செய்தவன். திறமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பேர் வந்தது பீரங்கியால். 1877ல் ரஷ்யாவும் துருக்கியும் மோதியபோது இரண்டு பக்கமும் முழங்கியது க்ருப் பீரங்கிதான்! தனக்கு 269 அறை மாளிகை கட்டினான். தொழிலாளிக்கும் வீடு கட்டிக் கொடுத்தானே என்பார்கள். கொடுத்தான். ஆனால் சோஷலிசக் கட்சிப் பக்கம் போனால் வேலையும் போகும், வீடும் போகும்.

அடுத்து ஒன்றைக் கவனியுங்கள். நம்ம ஊர்ல அஞ்சு ஏக்கர் நாலு பிள்ளைக்குப் பிரிஞ்சு, பேரன் காலத்துல வரப்புதான் மிச்சம். அங்கே ஆலையைப் பிரிக்கவே இல்லை. 1902ல் அப்பன் செத்ததும் 16 வயது பெர்த்தா கைக்கு ஆலை போனது. ஆண் வாரிசு இல்லை. 1906ல் அவளைக் கட்டிய குஸ்டாவுக்கு, க்ருப் என்ற பேரைச் சேர்த்துக்கொள்ள ஜெர்மன் சக்கரவர்த்தியே அனுமதி கொடுத்தார்.

அந்த குஸ்டாவ்தான் 1933 பிப்ரவரியில் ஹிட்லர் கூட்டிய முதலாளிகள் கூட்டத்தில் 10 லட்சம் மார்க் தருவதாகச் சொன்னவர். கைம்மாறு வராமல் போகுமா? 1943ல் ஆலை முழுவதும் ஒரே வாரிசுக்குப் போக ஹிட்லர் தனி ஆணை போட்டான். ஒரு குடும்பத்துக்காக ஒரு சட்டம்!

அந்த வாரிசு ஆல்ஃபிரீட். போர்க் காலத்தில் க்ருப் ஆலைகளில் சுமார் ஒரு லட்சம் பேர் கட்டாய வேலை செய்தார்கள். போலந்திலும் உக்ரைனிலும் கிராமங்களிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள், சிறை முகாமிலிருந்து ஓட்டி வரப்பட்ட யூதர்கள். 1948ல் நூரம்பர்க் நீதிமன்றம் ஆல்ஃபிரீடுக்கு 12 ஆண்டு சிறையும் சொத்துப் பறிமுதலும் விதித்தது. நடந்தது என்ன? 1951லேயே அமெரிக்க அதிகாரி விடுதலை செய்தார். சொத்தும் திரும்பி வந்தது!

இப்போது கணக்கைப் பாருங்கள். 1959 ஒப்பந்தப்படி, உயிர் பிழைத்த யூதத் தொழிலாளிக்கு ஆளுக்கு 5,000 மார்க் என்று பேச்சு. மனுக்கள் கூடியதும் அதுவும் குறைந்தது. ஆல்ஃபிரீடின் மகன் 1966ல் வாரிசுரிமையை விட்டுக் கொடுத்தான். அதற்கு அவனுக்கு வருஷத்துக்கு 20 லட்சம் மார்க்! உயிரை உருக்கி வேலை செய்தவனுக்கு 5,000 கூட முழுசாக இல்லை. ஒருநாளும் உலையைத் தொடாதவனுக்கு வருஷா வருஷம் 20 லட்சம். ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து பொது நிதி வைத்தது 2000ல்தான். அதற்குள் எத்தனையோ பேர் மண்ணாகிப் போனார்கள். கம்பெனி 1968ல் அறக்கட்டளைக்குப் போய், 1999ல் தைஸனோடு இணைந்தது. பேர் இன்றும் நிற்கிறது.

தூரத்து ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். 1950களில் ஒடிசாவில் ரூர்கேலா இரும்பாலைக்குத் துணை வந்த ஜெர்மன் கம்பெனிகளில் க்ருப்பும் ஒன்று. நிலத்தை எடுத்தது நம்ம சர்க்கார். வயலை இழந்தது ஆதிவாசி விவசாயி.

கொள்ளைநோய், போர், சர்க்கார் ஆணை. இந்த மூன்றும் இல்லாமல் இந்த வம்சம் இத்தனை தலைமுறை நின்றிருக்குமா? நாளை நம் மண்ணைக் கேட்டு எவன் வந்தாலும், நம்மிடம் பட்டா கேட்பதற்கு முன் அவனிடம் நாம் கேட்போம்:

"ஐயா, உங்க மூலப்பத்திரத்தை எடுங்க!"

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்