ஆற்று நீரில் ஈஸ்ட்டுக்குத் தீனி போடுவது யார்?

உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் ஆபத்தான 19 பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. மிக அபாயகரமானவை என்று அதில் முதல் வரிசையில் வைக்கப்பட்ட நான்கில் மூன்று ஈஸ்ட்டுகள்: கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ், கேண்டிடா ஆரிஸ், கேண்டிடா அல்பிகன்ஸ். மருத்துவமனைகளில் இவற்றைத் தேடுகிறோம். ஆறு, ஏரிகளில் நோய் தரும் ஈஸ்ட்டுகளை வழக்கமாகத் தேடுவதில்லை. இனியும் அப்படி இருக்கக் கூடாது.

நன்னீரில் ஈஸ்ட் இருப்பது இயல்புதான். ஆனால், தூய்மையான ஏரியில் லிட்டருக்குச் சில பத்துகளாக இருப்பவை, கழிவுநீர் கலந்த ஆற்றில் ஆயிரக்கணக்கில் பெருகுகின்றன. இதில் பெரும்பங்கு நீரில் கரைந்த கரிமப் பொருளுக்கு உண்டு. ஆய்வகத்தில் 0.45 மைக்ரான் வடிதாளில் ஆற்று நீரை ஊற்றினால், சில மைக்ரான் பருமனுள்ள ஈஸ்ட் செல்கள் தாளிலேயே தங்கிவிடும். அவற்றின் உணவோ தாளைக் கடந்து குடுவைக்குள் இறங்கிவிடும். தெளிந்த நீர் என்று நாம் நம்புவதிலும் அந்த உணவு இருக்கிறது.

கரிமப் பொருள் எல்லாம் ஒன்றல்ல. இலைதழை மக்கி வரும் ஹ்யூமிக் பொருட்கள் நீருக்குத் தேநீர் நிறம் தருபவை, எளிதில் செரிக்காதவை. வெயில் பட்டால் அவற்றிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளிட்ட ஆக்சிஜன் சேர்மங்கள் உருவாகி நுண்ணுயிர்களைத் தாக்குகின்றன. அதே நிறம் புறஊதாக் கதிர்களை உறிஞ்சி, ஆழத்தில் இருக்கும் ஈஸ்ட்டுக்குக் குடையும் பிடிக்கிறது. சாக்கடையின் கதை வேறு. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் அதில் தயார் உணவாக வருகின்றன. மனிதக் குடலில் வாழும் கேண்டிடாவும் மலத்தோடு சேர்ந்தே வருகிறது. நோய்க்கிருமியையும் அதற்கான தீனியையும் ஒரே குழாயில் ஆற்றுக்குள் விடுகிறோம்.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாண ஆறுகளில் நடந்த ஆய்வுகளில், உடல் வெப்பமான 37 டிகிரியிலும் வளரக்கூடிய ஈஸ்ட்டுகள் கிடைத்தன. அவற்றில் சில, பூஞ்சை எதிர்ப்பு மருந்தான ஃப்ளூகோனசோலுக்கு அடங்கவில்லை. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் எச்.ஐ.வி.யுடன் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நாட்டில் இது சாதாரணச் செய்தி அல்ல. ஹைதராபாத் மருந்து ஆலைப் பகுதிக் கழிவுநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கும் மேல் ஃப்ளூகோனசோல் இருந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. கடையில் பரவலாக விற்கும் ஒரு மாத்திரையே 150 மில்லிகிராம்தான். தீனியும் மருந்தும் சேர்ந்து கிடைக்கும் நீரில், மருந்தைத் தாங்கும் ஈஸ்ட்டுகளே எஞ்சிப் பெருகும்.

குடிநீரைச் சுத்திகரிக்கக் குளோரின் இருக்கிறதே என்பது அரைகுறை ஆறுதல். கரிமப் பொருள் குளோரினின் ஒரு பகுதியைத் தானே விழுங்கி, டிரைஹாலோமீத்தேன் போன்ற வேண்டாத சேர்மங்களையும் உண்டாக்குகிறது. தடித்த செல்சுவர் கொண்ட ஈஸ்ட், ஈ.கோலை பாக்டீரியாவைக் கொல்லும் குளோரின் அளவில் எளிதில் சாவதில்லை. நம் குடிநீர்த் தரநிர்ணயமோ கோலிஃபார்ம், ஈ.கோலை ஆகியவற்றையே முக்கிய அளவுகோலாகக் கொண்டுள்ளது.

நல்ல உடல்நிலையில் இருப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்குத்தான் ஆபத்து. அவர்களுக்காகவாவது ஆற்றுநீர்க் கண்காணிப்பில் கரைந்த கரிமக் கார்பனையும் ஈஸ்ட் எண்ணிக்கையையும் அரசு சேர்க்க வேண்டும். சுத்திகரிக்காத கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றில் கலக்காமல் தடுப்பதே முதல் மருந்து.